பரணிலிருந்து இறங்கிய ஸ்டாண்டு விளக்குகள்: ஒரு மயிலாப்பூர் ஹால், நிகழ்வு ஆய்வு

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. 1980களில் கட்டியது. பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி ஹால், பத்தடி உயரத்தில் கூரை, மொசைக் தரை. வாசல் கதவு கிழக்கே. மேற்குக் கோடியில் ஜன்னல், அதன் முன்னால் இரும்புச் சங்கிலியில் ஊஞ்சல். தெற்குச் சுவரை ஒட்டி பிரம்புப் பின்னலோடு சோபா, அது முடிகிற மூலையில் சாய்வு நாற்காலி. வடக்குச் சுவரில் டி.வி. எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுக்கொன்றாக இரண்டு 20 வாட் எல்.இ.டி. ட்யூப், இரண்டும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). நட்டநடுவில் 48 அங்குல மின்விசிறி. சென்னையில் ஆயிரக்கணக்கான ஹால்கள் இப்படித்தான் இருக்கின்றன.

வீட்டில் இருப்பது இருவர். ஐயா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அம்மா வளர்ந்தது குன்னூரில். அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கர். தோட்டத்தின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் அப்பா எடுத்தவை இரண்டு ஸ்டாண்டு விளக்குகள். சென்னைக்கு வந்தபிறகு அவை பரணில், சாக்கு சுற்றியபடி கிடந்தன. மூன்றாவது விளக்கு, ஐயாவின் பீமரத சாந்திக்கு மகன் வாங்கித் தந்தது. நூறு வருஷத்துப் பழையது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் எங்களிடம் கேட்டது இதுதான்: மூன்றையும் ஹாலில் வைக்க வேண்டும், சாயங்காலம் ட்யூப் லைட் போடாமல் இருக்க வேண்டும். இது அம்மாவின் ஆசை. ஐயாவுக்கு வேறு கவலை. "அழகெல்லாம் சரி சார். நான் பேப்பர் படிக்கணும்."

பழைய விளக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மூலையில வெச்சா நன்னா தெரியும்?" என்றுதான் கேட்பார்கள். விளக்கைக் கண்காட்சிப் பொருளாக நினைப்பதால் வருகிற கேள்வி அது. பகலில் அது சரியாக இருக்கலாம். இருட்டியபிறகு யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை, விளக்கு காட்டுகிறதைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே முதலில் சாயங்கால வேளையில் போய், யார் எங்கே உட்காருகிறார்கள், எதைச் செய்கிறார்கள் என்று பார்த்தோம். ஐயா சாய்வு நாற்காலியை விட்டு நகர்வதே இல்லை. அம்மாவுக்கு ஊஞ்சல், கையில் போன். வந்தவர்களுக்கு சோபா. இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் வெளிச்சம் போனால் போதும், பன்னிரண்டு அடி அகலம் முழுவதையும் வெளிச்சத்தால் கழுவி விட வேண்டியதில்லை.

முதல் விளக்கு: முறுக்குத் தண்டு

மஹோகனி மரத்தில் கயிறு முறுக்கினது போல் கடைந்த தண்டு. கீழே வட்டப் பலகை, அதற்கு அடியில் மூன்று குமிழ்க் கால்கள். இங்கிலாந்தில் 'பார்லி ட்விஸ்ட்' என்று அழைக்கிற இந்தக் கடைசல் 1920களிலும் 30களிலும் அங்கே நடுத்தர வீடுகளில் பரவலாக இருந்தது. தண்டு இரண்டு துண்டு, நடுவில் மரத்திலேயே வெட்டின திருகு. ஒயர் போவதற்கு நடுவில் துளை.

அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் உளுத்திருந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள். தட்டினால் மாவு உதிர்கிறதா என்று பார்த்தோம், உதிரவில்லை. பழைய காயம், பூச்சி போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் தேக்குச் சாமான்களுக்கு நடுவே வைக்கப் போகிறோம் என்பதால் ஓட்டைகளுக்குள் ஊசியால் மருந்து விட்டு, மெழுகு வைத்து அடைத்தோம். பாலிஷ் போடவில்லை. மரக்கடை ஆசாரி, "மெலமைன் அடிச்சுத் தரேன், கண்ணாடியா இருக்கும்" என்றார். அப்படி அடித்திருந்தால் தொண்ணூறு வருஷம் கைபட்டு வந்த பளபளப்பு ஒரு மத்தியானத்தில் போயிருக்கும்.

ஒயர்தான் பயங்கரம். பருத்தி நூல் பின்னிய இரட்டை முறுக்கு ஒயர், உள்ளே ரப்பர் உறை. அந்தக் கால ரப்பர் காலப்போக்கில் இறுகி, வெடித்து, பொடியாகிவிடும். நூல் உறை மட்டும் வெளியே பார்க்க முழுசாக இருக்கும். இதை மடக்கியதும் உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. இந்த நிலையில் பிளக்கில் சொருகி "எரியுதே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எரிவதற்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மொத்தமாக உருவி எறிந்துவிட்டு, துணி உறை போட்ட புது மூன்று கோர் ஒயர் இழுத்தோம். 0.75 சதுர மில்லிமீட்டர் போதும், எல்.இ.டி. பல்புக்கு அதுவே அதிகம். மூன்றாவது கோர் எர்த்துக்கு. விளக்கு மரம் என்றாலும் ஹோல்டர் பித்தளை, பல்பு மாற்றும்போது கை படுவது அதில்தான், அதனால் ஹோல்டரை எர்த் செய்தாக வேண்டும். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாமல் இருந்தது. பழைய விளக்குக்கு ஆசைப்படுகிற எந்த வீட்டிலும் நான் முதலில் போடச் சொல்வது அதைத்தான்.

இரண்டாவது விளக்கு: எண்ணெய் போன பித்தளை

இதுதான் இந்த வேலையின் நாயகன். மூன்று கால் பித்தளைப் பீடம், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தண்டு, இடையில் ஒரு காது திருகு. திருகைத் தளர்த்தினால் விளக்கு நெஞ்சு உயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை ஏறும். உச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றிவைக்கிற செம்பு, அதன் மேல் பர்னர். திரியை ஏற்றி இறக்கும் குமிழில் கரி படிந்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் துணி நனைத்துத் துடைத்தபோது எழுத்து எழும்பியது: ஹிங்ஸ், டூப்ளெக்ஸ்.

பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹிங்ஸ் நிறுவனம் 1865இல் காப்புரிமை எடுத்த பர்னர் அது. ஒரு திரிக்குப் பதில் பக்கம் பக்கமாக இரண்டு தட்டைத் திரிகள். நடுவில் காற்று ஏறுவதால் சுடர் வெளுப்பாக எரியும். மின்சாரம் எட்டாத வீடுகளில் படிக்க இது நல்ல விளக்கு. மலைத் தோட்டத்து பங்களாவில் இது இருந்ததில் ஆச்சரியமே இல்லை. பியானோ பக்கத்திலும் நாற்காலி பக்கத்திலும் நிறுத்தி, ஆளுக்கேற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளவே இந்த நீளும் தண்டு.

இதை எலெக்ட்ரிக் ஆக்க வேண்டும். வழக்கமாகப் பட்டறையில் செய்வது: செம்பின் அடியில் துளை, தண்டு வழியே ஒயர், பர்னரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹோல்டரை வெல்டிங். பார்க்க சுத்தமாக இருக்கும். ஆனால் விளக்கு அன்றோடு செத்தது. எண்ணெய்ச் செம்பில் ஒரு துளை விழுந்துவிட்டால் அது செம்பு இல்லை, வெறும் பித்தளை உருண்டை. பழைய சாமான் விலையும் பாதிக்கு இறங்கும். இந்த மாதிரி தண்டுக்குள் ஒயர் விடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தண்டை ஏற்றி இறக்கும்போதெல்லாம் ஒயர் உள்ளே உரசும், உரசி உரசி ஒருநாள் பித்தளையைத் தொடும்.

பர்னர் மரையோடு செம்பின் கழுத்தில் உட்காருகிறது. இங்கிலாந்தில் அந்த மரைக்கே பொருந்துகிற மாற்று ஹோல்டர் விற்கிறார்கள். இங்கே நமக்கு லேத் பட்டறை இருக்கிறது. பர்னரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனோம். கடைசல்காரர் காலிப்பரால் மரையை அளந்து, முதலில் ஒரு அலுமினியத் துண்டில் வெட்டிப் போட்டுப் பார்த்தார். கடைசிச் சுற்றில் இறுகியது. "ரெண்டு பாயின்ட் எடுக்கணும் சார்" என்று மறுபடி ஓட்டினார். அப்புறம்தான் பித்தளை. மேலே ஹோல்டர், கீழே கழுத்து மரை, பக்கவாட்டில் ஒயர் வெளியே வர ரப்பர் வளையத்தோடு ஒரு சின்னத் துளை. விளக்கில் ஒரு கீறல் இல்லை. நாளைக்கு யாராவது மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க நினைத்தால், இதைத் திருகி எடுத்துவிட்டு பழைய பர்னரை மாட்டிக்கொள்ளலாம். பர்னரைத் துணியில் சுற்றி, அம்மாவின் பீரோவில் வைத்தாயிற்று.

ஒயர் தண்டுக்கு வெளியே தொங்கும். இது பிடிக்காதவர்கள் உண்டு. பழுப்பு நிறத் துணி ஒயரைத் தண்டோடு தளர்வாக இரண்டு இடத்தில் நூலால் கட்டினோம், மூன்றடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. முழுக்க உலோக விளக்கு என்பதால் எர்த் ஒயரை நமது பித்தளை அடாப்டரில் திருகினால் மட்டும் போதாது. எண்ணெய்ப் பிசுக்கு, களிம்பு எல்லாம் மின்சாரத்தைத் தடுக்கும். செம்பிலிருந்து பீடத்தின் கால் வரைக்கும் மீட்டர் வைத்துச் சோதித்தோம். தண்டின் இரண்டு பாகத்துக்கும் நடுவே தொடர்பு விட்டு விட்டு வந்தது. உள்தண்டைத் துடைத்து, காது திருகின் முனையைத் தேய்த்தபிறகே நிலையாக நின்றது.

பித்தளையைத் துலக்குவதா வேண்டாமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. வேலைக்கு வரும் அக்கா, "குடும்மா, புளி போட்டு ஒரே தேய்ல பளபளன்னு ஆக்கறேன்" என்று காத்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்கைத் துலக்காமல் வைத்தால் மூதேவி என்று வளர்ந்த வீடு. ஒப்பந்தம் இப்படி முடிந்தது: பூஜை அறையில் புளி, ஹாலில் வெறும் உலர்ந்த துணி. கடல்காற்று உள்ள ஊரில் பித்தளை எப்படியும் கறுக்கும். பழுப்பேறிய மேல்தோலை அடிக்கடி உரித்தால் வார்ப்பின் நுணுக்கம்தான் தேயும்.

மூன்றாவது விளக்கு: நூறு வருஷம் இல்லாதது

வார்ப்பிரும்புப் பீடம், வளைந்த கை, கையின் நுனியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஷேட். அமெரிக்காவில் 1920களில் சீட்டாட்ட மேஜைக்குப் பக்கத்தில் வைக்கப் புழங்கிய 'பிரிட்ஜ் லேம்ப்' வடிவம். அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் தயங்கினோம்.

காந்தத்தைத் தண்டில் வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது, அதாவது பித்தளை இல்லை, இரும்பில் முலாம். இதுமட்டும் போலி என்பதற்குச் சாட்சி ஆகாது, அந்தக் காலத்திலும் முலாம் போட்டார்கள். பீடத்தைக் கவிழ்த்தபோது பிலிப்ஸ் தலை ஸ்க்ரூக்கள். நட்சத்திரக் குழி போட்ட அந்த ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கே வந்தது. பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்று பார்த்தால், எல்லா ஸ்க்ரூவும் ஒன்றுபோல் இருந்தன, சுற்றிலும் பெயின்டில் உரசல் கிடையாது. கடைசியாக நடுக்குழாயின் மரை. பழைய அமெரிக்க விளக்குகளில் அங்குலக் கணக்கில் வெட்டிய குழாய் மரை இருக்கும். இதில் நம்மூர்க் கடையில் வாங்கின பத்து மில்லிமீட்டர் நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. அச்சு வடிவம் பழசு, சாமான் புதுசு. இந்தியாவிலேயே பித்தளை நகரான மொராதாபாத் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட வார்ப்புகள் ஏற்றுமதிக்காகவே செய்யப்படுகின்றன. நல்ல வேலைதான், வயதை மட்டும் யாரோ கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முகம் வாடியது. "பையன்கிட்ட சொல்லாதீங்கோ" என்றார். எனக்கு இதில் ஒரு சௌகரியமும் தெரிந்தது. பழசு இல்லை என்பதால் இதை இஷ்டத்துக்கு வெட்டலாம், துளைக்கலாம். கையின் வளைவை நிமிர்த்தி, ஷேடைச் சுவர்ப்பக்கம் திருப்பி, டி.வி.க்குப் பக்கத்தில் நிறுத்தினோம். இருட்டில் டி.வி. பார்த்தால் கண் எரிவது, திரை மட்டும் வெளிச்சமாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் இருப்பதால். சுவர் மெல்லிசாக வெளிச்சம் வாங்கினால் அந்த உறுத்தல் குறையும். மூன்றில் அதிக நேரம் எரிவது இன்று இதுதான்.

விசிறி, ஊஞ்சல், பிளக்

ஐரோப்பிய அறைகளுக்கு எழுதின யோசனைகள் நம் ஹாலில் உடைகிற இடம் மின்விசிறி. முறுக்குத் தண்டு விளக்கை முதலில் தெற்குச் சுவரின் நடுவில், சோபாவுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். ஷேடின் மேல்வாயிலிருந்து கூரைக்கு ஏறும் வெளிச்சத்தை விசிறி இறக்கைகள் வெட்டின. கூரை முழுவதும் படபடவென்று நிழல் ஓடியது. ஐயா, "தலை சுத்தறது, அணைச்சுடுங்கோ" என்றார். மேல்வாய்க்கு மூடி போடலாம், அப்போது கூரையிலிருந்து திரும்புகிற வெளிச்சம் போய்விடும், அறை குகையாகிவிடும். விளக்கைச் சாய்வு நாற்காலி மூலைக்கே தள்ளினோம். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சக் கூம்பு விசிறியை எட்டுவதற்கு முன்பே கூரையைத் தொட்டுவிடுகிறது. மின்விசிறி உள்ள அறையில் மேலே திறந்த ஷேடு போட்ட ஸ்டாண்டு விளக்கு, மூலையில்தான் நிற்க வேண்டும்.

பித்தளை விளக்கு ஊஞ்சல் பக்கம். ஊஞ்சல் போய்வரும் திசையில் இல்லாமல், பலகையின் பக்கவாட்டில், வடமேற்கு மூலையில். மேல்கனம் உள்ள விளக்கு இது, பேரப்பிள்ளை ஒருவன் லீவுக்கு வருவான். தண்டை முழுக்க இறக்கியே வைத்திருக்கிறோம், பீடத்தின் ஒரு காலை மெல்லிய பித்தளைக் கம்பியால் சுவரில் கொக்கியோடு கட்டியாயிற்று.

தரை மட்டத்தில் பிளக் பாயின்ட் ஒன்றுதான் இருந்தது, டி.வி.க்கு. பிறகு வாசலருகே ஸ்விட்ச் போர்டில் ஒன்று, நாலடி உயரத்தில். நிற்கும் விளக்கு நம் வீடுகளில் எடுபடாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒவ்வொரு விளக்காகக் குனிந்து போட யாருக்கும் பொறுமை இருக்காது, இரண்டு நாளில் ட்யூப்புக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் சதுர முனை பிளக் வந்தபிறகும், ஸ்டாண்டு விளக்குகளுக்கு மட்டும் பழைய ஐந்து ஆம்பியர் உருண்டை முனை சாக்கெட்டை வைத்து, அதைக் கதவருகே சுவர் ஸ்விட்சோடு இணைக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த உருண்டை முனைதான் நம் வீட்டு மூன்று பின் பிளக்குக்கும் மூதாதை. அதே ஏற்பாட்டைச் செய்தோம். தரையோரமாக கேசிங் ஓட்டி, மூன்று 6 ஆம்பியர் சாக்கெட், வாசலருகே ஒரே ஸ்விட்ச். தட்டினால் மூன்றும் எரியும்.

ஷேடு, பல்பு, சுவர்

முறுக்குத் தண்டின் பழைய கம்பிக் கூடு துருப்பிடித்திருந்தது. வெல்டிங் கடையில் அதே அளவில் புதுக்கூடு, பவுடர் கோட்டிங், அடியில் 18 அங்குல விட்டம். மேலே வெளிர் மஞ்சள் பட்டு, உள்ளே வெள்ளை மல் துணி. தைத்துக் கொடுத்தவர் பிளவுஸ் தைக்கும் டெய்லர். அம்மா அரக்கு நிறம் கேட்டார், கடையில் அது அழகாகத்தான் இருந்தது. எரியவிட்டால் அடர் நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும், படிக்கும் விளக்குக்கு ஆகாது. ஷேடின் கீழ்விளிம்பு உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு வர வேண்டும். மேலே போனால் பல்பு கண்ணில் குத்தும், கீழே இறங்கினால் வெளிச்சம் மடியோடு நின்றுவிடும். சாய்வு நாற்காலி தாழ்வு, எனவே தரையிலிருந்து 40 அங்குலத்தில் வைத்தோம்.

ஐயாவின் கேள்விக்கு வருவோம். அறுபது வயதுக்காரர் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேருகிறது. ஆகவே அவர் "இருட்டா இருக்கு" என்றால் அது பிடிவாதமல்ல. ஆனால் அதற்கு மருந்து இன்னொரு ட்யூப் அல்ல. சின்ன பல்பிலிருந்து தூரம் பாதியானால் தாளில் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. எட்டடி உயரச் சுவர் ட்யூப்பை விட, தோளுக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கிற 9 வாட் பல்பு அவருடைய பேப்பருக்கு அதிகம் தருகிறது. மூன்றிலும் 2700 கெல்வின், நிறத்தைச் சரியாகக் காட்டுகிற ரகமாகப் பார்த்து வாங்கினோம். முன்பு குண்டு பல்பு போட்டிருந்தால் குன்னூர்க் குளிருக்கு இதமாக இருந்திருக்கும், சென்னை மே மாதத்தில் பக்கத்தில் உட்கார முடியாது.

சுவர் இளநீலம். இந்த மஞ்சள் வெளிச்சத்தில் அது சாம்பல் கலந்த பச்சையாக, நோயாளி முகமாகத் தெரிந்தது. இது திட்டத்தில் இல்லாத செலவு. கிரீம் நிறம் அடித்தபிறகே விளக்குகள் வேலை செய்யத் தொடங்கின என்று சொல்ல வேண்டும்.

பிறகு

முதல் வாரம் வந்த நாத்தனார் வாசலிலேயே நின்று, "என்ன மன்னி, கரண்ட் போயிடுத்தா?" என்று கேட்டுவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிற எண்ணத்தோடு வாதம் செய்து பயனில்லை, அது ஷோ ரூம் பாடங்களுக்கெல்லாம் முந்தியது. ஒரு ட்யூப்பை விட்டுவைத்தோம், 3000 கெல்வினுக்கு மாற்றி. ஆறு மணிக்கு அம்மா பூஜை விளக்கேற்றும்போது அதுவும் எரியும், அரைமணியில் அணைந்துவிடும். பெருக்கவும், தொலைந்த மாத்திரையைத் தேடவும் அதுவே வேண்டும். மழைக்காலத்தில் ஈசல் ஷேடுக்குள் விழுகிறது, அதைத் தேடி பல்லியும் வருகிறது. இதற்கு என்னிடம் வழி இல்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகளுக்கு வீடியோ அழைப்பில் பித்தளை விளக்கு பிடித்துப் போனது, எடுத்துப்போக முடியுமா என்று கேட்டாள். முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷமோ அதற்கு மேலோ பழமையான கைவினைப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, சொந்தச் சொத்தாக இருந்தாலும். முறுக்குத் தண்டு எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதற்குத் தொல்லியல் துறையிடம் புகைப்படத்தோடு விண்ணப்பித்து, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். மூன்றாவது விளக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, ஹோல்டரையும் பிளக்கையும் மாற்றினால் அங்கே 120 வோல்ட்டில் எரியும். அது மட்டும் வேண்டாம் என்கிறாள்.